வெளிர்நிற இத்தாலியச் சிவப்பு ஒயின்கள்: பத்தாண்டு கழித்துக் குடிக்கலாமா, குழம்பில் ஊற்றலாமா?

#1 போநதிக்கரை

வணக்கம். டூரினில் நான் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் வீட்டுக்கு ஒன்றாக நிலத்தடியில் ஒரு சிற்றறை உண்டு. 'கன்டீனா' என்பார்கள். மூன்றாம் மாடியில் இருந்த பெரியவர் மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவு செய்து, போன வாரம் தன் அறையைக் காலி செய்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியைக் காட்டி, "மருத்துவர் எனக்குத் தடை போட்டுவிட்டார், நீ எடுத்துக்கொள்" என்றார்.

பெட்டியில் பதினொரு சிவப்பு ஒயின் பாட்டில்கள் (எண்கள் அறுவடை ஆண்டு). கிரின்யோலினோ 2009 மூன்று, டோல்செட்டோ 2009 நான்கு, வெர்துனோ பெலவெர்கா 2012 இரண்டு, லிகூரியாவின் ரொஸ்ஸேசே 2013 ஒன்று, கரேமா 1999 ஒன்று. பெயர்பெற்ற பரோலோ ஒன்றுகூட இல்லை. "நல்லதையெல்லாம் குடித்துத் தீர்த்தாயிற்று. இவை தினப்படிக்கு வாங்கி மறந்துபோனவை" என்று அவரே சொல்லிவிட்டார்.

எல்லாம் படுக்கைவாட்டில்தான் கிடந்தன. சுவரில் ஈரம் கசிகிறது, லேபிள்களில் பாதியை இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. அலுவலகத்து இத்தாலிய நண்பர் பட்டியலைக் கேட்டுவிட்டு, "கரேமாவை வைத்துக்கொள், மற்றதை இறைச்சிக் குழம்புக்கு ஊற்று" என்கிறார். அவர் சொல்வது சரியா?

#2 வண்டல்வேண்டாம்

சரி. குழம்பிலும் யோசித்து ஊற்றுங்கள்.

இந்த ஒயின்களைச் செய்கிறவர்களே அடுத்த வசந்தத்துக்குள் விற்றுத் தீர்ந்தால் போதும் என்று செய்கிறார்கள். புதுப் பழத்தின் வாசனையும் துள்ளலும்தான் அவற்றின் முதலும் முடிவும். அது போனபின் மிஞ்சுவது புளித்த தண்ணீர். பழைய அரிசி நல்லது, பழைய புளி நல்லது. பழைய மோர் யாருக்கு வேண்டும்?

#3 சோதனைக்குழாய்

முந்தையவர் மோர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பெட்டியில் மோரும் இருக்கிறது, புளியும் இருக்கிறது. நான் வேதியியல் கற்பிப்பவன், ஒயின் கற்பிப்பவன் அல்ல. ஆனால் இந்தக் கேள்வியில் பாதி வேதியியல்தான்.

'இலேசான ஒயின்' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறோம். நிறம் தருவது தோலில் உள்ள ஆந்தோசயனின். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குத் தாங்குவதோ புளிப்பும் துவர்ப்பும், பாட்டிலில் அடைக்கும்போது சேர்த்த கொஞ்சம் கந்தக டைஆக்சைடும். துவர்ப்பு தோலிலிருந்து மட்டுமல்ல, கொட்டையிலிருந்தும் வருகிறது. ஆகவே நிறமே இல்லாமல் நாக்கைப் பிடித்து இழுக்கும் ஒயின் இருக்க முடியும். மை போலக் கறுத்து, உள்ளே முதுகெலும்பே இல்லாத ஒயினும் இருக்க முடியும்.

முதல் வகைக்கு உங்கள் பெட்டியிலேயே சாட்சி இருக்கிறது. மொன்ஃபெராட்டோ பக்கத்துப் பேச்சில் 'கிரின்யோலே' என்றால் கொட்டைகள். மற்றத் திராட்சைகளைவிடக் கொட்டை மிகுதி என்பதால்தான் கிரின்யோலினோவுக்கு அந்தப் பெயர். பார்க்க ரோஸ் மில்க்குக்கு அண்ணன் போல இருக்கும், கடித்தால் தெரியும். பரோலோ செய்யும் நெபியோலோ திராட்சையும் அந்தக் கட்சிதான். அதன் நிறமிகள் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் வகை என்பதால் இளமையிலேயே செங்கல் நிறம் தட்டிவிடுகிறது. அதற்காகப் பரோலோவை யாரும் கிழம் என்று ஒதுக்குவதில்லை. 38 மாதம் வைத்திருந்தபின்தான் கடைக்கே அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

டோல்செட்டோ நேர் எதிர். நிறம் கறுப்பு, துவர்ப்பும் உண்டு, புளிப்பு மிகக் குறைவு. புளிப்புக் குறைந்தால் கந்தகத்தின் காவல் சக்தியும் குறையும். என் கணிப்பு: பெட்டியில் முதலில் செத்திருப்பது நிறம் அதிகமான அந்த நான்கும்தான். திறந்து பார்த்துச் சொல்லுங்கள். தவறென்றால் ஒப்புக்கொள்கிறேன்.

#4 பலெர்மோத்தம்பி

நான் பலெர்மோவில் ஓர் உணவகத்தில் குசினி வேலை செய்கிறேன், பதினான்கு வருடமாகிறது. வடக்கத்திய ஒயின்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்கள் சிசிலியின் ஃபிராப்பாட்டோ திராட்சையைப் பற்றிச் சொல்லலாம்.

விட்டோரியா பக்கத்துச் செம்மணலில் விளைகிறது. அந்த ஊர் 1607இல் உருவானது. குடியேற வந்தவனுக்கு ஓர் எக்டேர் நிலம் இலவசம், பதிலுக்கு இன்னோர் எக்டேரில் திராட்சை நட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்களாம். ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். தனி ஃபிராப்பாட்டோ என்பது செம்புற்றுப்பழ (ஸ்ட்ராபெர்ரி) வாசனையும் மெல்லிய உடம்பும்தான். கோடையில் நாங்கள் அதை ஐஸ் வாளியில் வைத்து, சுட்ட சூரை மீனுக்குக் கொடுப்போம். மீனுக்குச் சிவப்பா என்று வெளியூர்க்காரர் முகம் சுளிப்பார்கள், பிறகு இரண்டாவது போத்தல் கேட்பார்கள்.

அதை வைத்துக் காக்க முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்குக் காரணம் எங்கள் முதலாளி. போத்தல் அடுக்கை அடுப்புக்கு மேலே, அழகுக்காக, சுவரில் அடித்திருந்தார். இரண்டு கோடை கழிந்து ஒன்றைத் திறந்தோம். அடிப்பிடித்த ஜாம் வாசனை. அவர் ஒயினைத் திட்டினார். நான் சுவரைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு விட்டோரியாவில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுத் திருமண வேலைக்குப் போனபோது, அவர்கள் பத்து வயதான செரசுவோலோ ஊற்றினார்கள். சிசிலியில் டிஓசிஜி தகுதி (இத்தாலிய ஒயின் தரவரிசையில் உச்சப் படி) பெற்ற ஒயின் அது ஒன்றுதான், 2005இல் கிடைத்தது. அதில் நேரோ தாவோலா என்ற கருந்திராட்சை 50 முதல் 70 விழுக்காடு, மிச்சம் ஃபிராப்பாட்டோ. கண்ணாடிக் குவளையில் விளக்கை மறைக்கவில்லை, அவ்வளவு வெளிறு. ஆனால் குடித்தால் முழுசாக இருந்தது. புற்றுப்பழம் போய், காய்ந்த அத்திப்பழமும் ஆரஞ்சுத் தோலும் வந்திருந்தன. கோஸ் என்று மூன்று நண்பர்கள் 1980இல் தொடங்கிய நிறுவனம் அங்கே இருக்கிறது, சுடுமண் தாழியில்கூட ஒயின் வைப்பார்கள். தாழி என்றதும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது, அது வேறு கதை.

அண்ணா, குழம்பில் ஊற்ற வேண்டாம். குறைந்தது ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

#5 வண்டல்வேண்டாம்

தம்பி சொன்னதில் என் வாதத்துக்கே வலு இருக்கிறது. அவர் ருசித்தது தனி ஃபிராப்பாட்டோ அல்ல, நேரோ தாவோலா தோள் கொடுத்த கலவை. தனியாக நின்றால்?

சோதனைக்குழாய் ஐயாவுக்கு: கொட்டை, துவர்ப்பு எல்லாம் சரி. ஆனால் துவர்ப்பு மிச்சம் இருந்து பழம் மிச்சம் இல்லாவிட்டால் அது ஒயினா, கடுக்காய்க் கஷாயமா?

#6 போநதிக்கரை

அறிக்கை. ஞாயிற்றுக்கிழமை ஒரு டோல்செட்டோவைத் திறந்தேன். தக்கை சுலபமாகவே வந்தது, நிறமும் இன்னும் கருஞ்சிவப்பு. மனம் துள்ளியது. மூக்கருகில் கொண்டுபோனால் ஈரச் சாக்கு. வாயில் முதலில் ஒன்றுமில்லை, பிறகு கசப்பு, பிறகும் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தேன், கசப்பு மட்டும் வளர்ந்தது. இரண்டாவதையும் திறந்தேன், அதே கதை. இரண்டும் குழம்புக்குப் போயின. குழம்பு நன்றாக இருந்தது.

சோதனைக்குழாய் ஐயா, கணிப்புப் பலித்தது.

#7 சோதனைக்குழாய்

பலித்ததில் பெரிதாக மகிழ்ச்சியில்லை, நான்கு பாட்டில் வீண். ஒரு திருத்தமும் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் டோல்செட்டோ பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். டோல்யானி ஊர்ப்பக்கம், 2005இல் டிஓசிஜி பெற்ற பகுதியில், பழைய கொடிகளிலிருந்து கனமாகச் செய்யும் டோல்செட்டோ எட்டு, பத்தாண்டு தாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர் வாங்கியது தினப்படி வகை.

#8 போல்சானோவாசி

இந்த விவாதத்தில் ஸ்கியாவா திராட்சையை யாரும் சொல்லாதது மனத்தாங்கல். இங்கே ஆல்டோ அடிஜெயில் ஜெர்மன் பேசுகிறவர்கள் இதை ஃபெர்நாட்ச் என்பார்கள். ஒரு காலத்தில் இந்த மாகாணத்துத் தோட்டங்களில் பெரும்பகுதி இதுதான். இப்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆப்பிளும் வெள்ளை ஒயினும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பந்தலில் படரவிட்ட கொடி, கொத்துக் கொத்தாகப் பெரிய பழம், துவர்ப்பு இல்லையென்றே சொல்லலாம். மதியம் ஒரு பாட்டில் குடித்துவிட்டு நூலகத்துக்குத் திரும்பலாம். (செய்திருக்கிறேன். படிப்பு ஓடவில்லை, ஆனால் தூக்கமும் வரவில்லை.)

நகரத்தை ஒட்டிய சாந்தா மத்தலேனா குன்றில் இதோடு லாக்ரைன் என்ற கருந்திராட்சையைச் சிறிது சேர்ப்பார்கள். அதில் ஏழு வயதான ஒன்றை ஒரு விடுதியில் குடித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழு ஆண்டு காத்திருந்ததற்காகக் கிடைத்தது என்று காட்டவும் ஒன்றுமில்லை. செர்ரி கொஞ்சம் மங்கி, வாதுமைக் கசப்பு கொஞ்சம் கூடியிருந்தது. எனக்கு இரண்டு வயதுதான் பிடித்தது.

#9 வண்டல்வேண்டாம்

போல்சானோவாசி சொன்னதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். 'இன்னும் உயிரோடு இருக்கிறது' என்பதையும் 'வைத்ததால் மேம்பட்டது' என்பதையும் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். தாத்தா தொண்ணூறு வயதில் நடக்கிறார் என்றால் ஓட்டப்பந்தயத்தில் சேர்த்துவிடுவீர்களா?

இன்னொன்று. நன்றாக அமைந்த பழைய பாட்டிலைப் பற்றித்தான் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். சாக்கடையில் ஊற்றியதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. (போநதிக்கரை விதிவிலக்கு, அதற்காக வணங்குகிறேன்.)

#10 போநதிக்கரை

பெலவெர்கா 2012, ரொஸ்ஸேசே 2013 இரண்டையும் இந்த வாரம் முடித்தேன். சுருக்கமாகவே சொல்கிறேன், கிரின்யோலினோவுக்கு இடம் வேண்டும்.

பெலவெர்கா: வெர்துனோ கிராமம் பரோலோ எல்லைக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் இந்த ஒயின் தனிக்குடித்தனம், 1995இல்தான் அதற்குச் சொந்தத் தகுதி கிடைத்தது. வெள்ளை மிளகு வாசனைதான் அதன் முகவரி. மிளகு அப்படியே இருக்கிறது, பழம் போய்விட்டது. தக்காளி போட மறந்த மிளகு ரசம் போல இருந்தது. கெட்டுப்போகவில்லை, ஆனால் ஒரு குவளைக்குமேல் போகவில்லை. இரண்டாவதும் அப்படியே.

ரொஸ்ஸேசே: டோல்சேயாக்குவா ஊர், அந்த ஒற்றை வளைவுப் பாலத்தை மொனே 1884இல் வரைந்திருக்கிறார். இதுதான் ஆச்சரியம். வெளிறிப்போயிருந்தாலும் உப்புக்காற்றும் காய்ந்த மூலிகையும் உலர்ந்த செர்ரியும் சேர்ந்து நன்றாக எழுந்தன. ஒற்றைப் பாட்டில் என்பதால் பெரிதாக முடிவுகட்ட மாட்டேன்.

இனி கிரின்யோலினோ. புதன் இரவு முதலாவது. முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து வண்டலைப் படியவிட்டேன். தக்கையில் திருகியை இறக்கியதும் பொரிகடலை போல உதிர்ந்தது. பெரியவரிடம் கடன் வாங்கிய இரட்டைத் தகடு கருவியை இருபுறமும் நுழைத்து, ஆட்டி ஆட்டி, பல் பிடுங்குவதுபோல வெளியே எடுத்தேன். ஊற்றினால் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தோல் நிறம். விளிம்பில் ஆரஞ்சு. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

வாசனை முதல் பத்து நிமிடம் பூட்டிக் கிடந்தது. பிறகு உலர்ந்த ரோஜா, தேயிலைத் தூள், ஆரஞ்சுத் தோல், கடைசியில் கொஞ்சம் கிராம்பு. வாயில் புளிப்பு இன்னும் விழித்திருக்கிறது. துவர்ப்பு பெருநெல்லிக்காய் கடித்த பல்லில் நிற்பதுபோல நின்று, அதன்பின் நெல்லிக்காய்க்குப் பிறகு தண்ணீர் குடித்தால் வரும் இனிப்பு மாதிரி ஒன்று வந்தது. மனைவி ஒயினே குடிக்காதவர், ஒரு வாய் வைத்துவிட்டு, "இது ஒன்றுதான் இந்தப் பெட்டியில் பேசுகிறது" என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது. அதே பெட்டி, அதே ஆண்டு, அதே லேபிள். ஆனால் கழுத்தில் ஒயின் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது, அதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். வாடிய ஆப்பிள், சுருங்கிய பேரீச்சை. தேறாது.

#11 சோதனைக்குழாய்

மட்டம் இறங்கியது என்றால் தக்கை வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். பத்தாண்டைத் தாண்டினால் ஒயினைப் பற்றிப் பேசுவது பாதி தக்கையைப் பற்றிப் பேசுவதாகிவிடுகிறது. கனமான ஒயினில் இந்தக் குறையை மறைக்கச் சதை இருக்கும். வெளிர் ஒயினில் ஒளிய இடமில்லை.

நிலத்தடி வெப்பம் எவ்வளவு? பத்துப் பாகை செல்சியஸ் கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது எங்கள் பாடத்தில் தோராயக் கணக்கு. பலெர்மோத் தம்பியின் முதலாளிக்கு இதை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

#12 பலெர்மோத்தம்பி

சொன்னேன் ஐயா, முன்னரே சொன்னேன். இப்போது அடுப்புக்கு மேலே வெறும் போத்தல்களை அடுக்கியிருக்கிறார்.

#13 போநதிக்கரை

வெப்பமானி வைத்துப் பார்த்தேன். இப்போது 13 பாகை. ஆகஸ்டில் 18 வரை போகும் என்று காவலாளி சொல்கிறார்.

மொன்ஃபெராட்டோவில் சில விவசாயிகள் சேர்ந்து 'மொன்ஃபெராச்சே' என்ற பெயரில் நீண்ட நாள் வைத்த கிரின்யோலினோ செய்கிறார்கள் என்று இங்கே கடைக்காரர் காட்டினார். முழுக்கக் கிரின்யோலினோ, குறைந்தது 40 மாதம், அதில் 24 மாதம் மரப்பீப்பாயில். அந்தப் பக்கத்து வீடுகளில் மணற்கல்லைக் குடைந்து 'இன்ஃபெர்னோத்' என்று நிலவறை செய்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2014இல் பியெமோந்தேத் திராட்சை நிலங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது அவற்றையும் சேர்த்தது. தினப்படி ஒயின் மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கல்லைக் குடைந்து எதை வைத்தார்கள்?

#14 வண்டல்வேண்டாம்

ஊறுகாயும் சலாமியும் வைத்திருப்பார்கள்.

ஆனால் மொன்ஃபெராச்சே உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது. அவர்கள் வைப்பதற்கென்றே செய்கிறார்கள்: தேர்ந்த தோட்டம், குறைந்த விளைச்சல், மரம். விலையும் அதற்கேற்ப. நீங்கள் குடித்தது மறதியால் பிழைத்தது. மூன்றில் ஒன்று தேறியது, ஒன்று செத்தது, ஒன்று பாக்கி. இந்தக் கணக்கில் நான் என் பணத்தைப் போட மாட்டேன்.

அந்தப் பாக்கியைத் திறக்கும்போது சொல்லுங்கள். மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். புதிய கிரின்யோலினோ ஒன்றை நான் கொண்டுவருகிறேன். பக்கத்தில் பக்கமாக, லேபிள் தெரியாமல் குடித்துப் பார்ப்போம்.

#15 போல்சானோவாசி

யாராவது படம் போடுங்கள்.

#16 போநதிக்கரை

படம் எடுக்க மறந்துவிட்டோம், மன்னிக்க வேண்டும். நேற்று நடந்தது.

இரண்டு பாட்டிலுக்கும் என் கறுப்புக் காலுறையை மாட்டினோம். நிறத்தைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும் என்பதால் பெரியவர் வீட்டிலிருந்து வந்த நீலக் குவளைகளில் ஊற்றி, மனைவியை மாற்றி வைக்கச் சொன்னோம். உணவு ஆன்யொலோத்தி (பூரணம் வைத்த பாஸ்தா), இறைச்சி வறுத்த சாறோடு. பழையதின் மட்டம் நன்றாகவே இருந்தது, தக்கையும் முழுசாக வந்தது.

என் தீர்ப்பு இடது குவளை. அவர் முதலில் வலது என்றார், பிறகு இடது என்றார், பிறகு உணவு வந்ததும் மறுபடி வலது. இடதுதான் 2009. மீதியை அவரே எழுதட்டும்.

#17 வண்டல்வேண்டாம்

எழுதுகிறேன். வாசனைக்கு மட்டும் என்றால் பழையது ஜெயித்தது. அந்த ரோஜாவும் தேயிலையும் நான் கொண்டுபோன 2022 பாட்டிலில் இல்லை, வருவதற்கான அறிகுறி மட்டும் இருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. 'புளித்த தண்ணீர்' என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் தட்டு வந்ததும் கொழுப்பை வெட்டிக்கொண்டு போனது இளையதுதான். பழையது அந்தச் சாற்றுக்கு முன்னால் சத்தம் குறைந்து நின்றது. உணவு முடிந்தபின் தனியாக அதை மறுபடி ஊற்றிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவர் சொல்லிவிடுவார்.

டோல்செட்டோ, ஸ்கியாவா, பெலவெர்கா விஷயத்தில் நான் சொன்னதிலேயே நிற்கிறேன். வாங்கினால் குடியுங்கள். கிரின்யோலினோவை மட்டும் ஆறு வாங்கி மூன்றை மறக்க முயல்வேன். மறதி கடையில் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

#18 போநதிக்கரை

அடிக்குறிப்பாக ஒன்று. இரண்டு பாட்டிலிலும் கொஞ்சம் மிச்சம் வைத்து, தக்கை போட்டுச் சமையலறையில் விட்டிருந்தோம். காலையில் 2022 அப்படியே இருந்தது. 2009 தளர்ந்து, வெறும் புளிப்பாகிவிட்டது. திறந்தால் அன்றே முடிக்க வேண்டும்.

#19 பலெர்மோத்தம்பி

கரேமா என்னாயிற்று அண்ணா?

#20 போநதிக்கரை

கீழேயே இருக்கிறது. அது நெபியோலோ, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் கல்தூண் நட்டுப் பந்தல் போட்ட செங்குத்து மலை. பார்க்க வெளிர் என்றாலும் இந்தப் பெட்டியில் அதைச் சேர்த்ததே தவறு என்று சோதனைக்குழாய் ஐயா தனிமடலில் திட்டினார். ஞாயிற்றுக்கிழமை பெரியவர் மிச்சச் சாமான் எடுக்க வருகிறார். மருத்துவர் தடை ஒரு வாய்க்கும் பொருந்துமா என்று மகளிடம் கேட்டிருக்கிறேன். பாட்டிலை இன்று நிமிர்த்தி வைத்துவிட்டேன்.